கீமோ கிழமையும் கந்தோர் கிழமையும்

வாசகர் கேள்விகள்
பதிலளிப்பவர்: மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் நீண்ட காலம் கடமையாற்றி ஓய்வுபெற்ற தாதி

கேள்வி: வணக்கம் மிஸ். எனக்கு 38 வயது. புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கம்பனியில் எட்டு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மார்பில் வந்த கட்டியை ஒப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இனிக் கீமோவாம். அந்தச் சிவப்பு மருந்து மூன்று கிழமைக்கு ஒரு தரமாக நாலு தடவை, பிறகு வேறு மருந்து கிழமைக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடவை என்று டொக்டர் சொன்னார். கணவருடைய சம்பளம் வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும்தான் காணும். மாமி "ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இரு" என்கிறா. கந்தோரில் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சத்தி, முடி கொட்டுவது, பஸ் நெரிசல் எல்லாவற்றையும் நினைத்தால் நித்திரை வருகுதில்லை. வேலைக்குப் போகலாமா?
வெள்ளவத்தை வாசகி

பதில்: போகலாம் தங்கச்சி. மருந்து ஏற்றிக்கொண்டே வேலை பார்த்த ரீச்சர்மார், வங்கிப் பிள்ளைகள், புடைவைக் கடையில் நிற்கிறவர்கள் என்று நிறையப் பேரைக் கண்டிருக்கிறேன். எழும்ப முடியாமல் கிடந்தவர்களையும் கண்டிருக்கிறேன். நீங்கள் எந்தப் பக்கம் என்று முதல் ஊசிக்கு முந்தி டொக்டராலும் சொல்லேலாது. அதனால் போவதா விடுவதா என்று இப்போதே மண்டையை உடைக்க வேண்டாம். எந்தெந்த நாள் போகலாம் என்று பாருங்கள். கணக்குப் பிள்ளைக்கு இது கஷ்டமான வேலை இல்லை. ஒரு கொப்பி வாங்குங்கள்.

மருந்து ஏற்றிய நாளை முதலாம் நாள் என்று எழுதுங்கள். இரண்டாம் நாள் நீங்களே ஆச்சரியப்படுகிற அளவுக்குத் தென்பாக இருக்கலாம். வீடு கூட்டி, உடுப்புத் தோய்த்து, கந்தோருக்குக் கோல் எடுத்து "நாளைக்கு வாறன்" என்று சொல்லிவிடுவீர்கள். அது உங்கள் தென்பு இல்லை. சத்தி வராமல் இருக்கத் தருகிற டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்டின் வேலை. அந்தக் குளிசை முடிந்த பிறகு மூன்றாம், நாலாம், ஐந்தாம் நாளில் உடம்பு தொப்பென்று விழும். ஆகவே இரண்டாம் நாளில் ஒருவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதே குளிசைதான் இரவில் கண்ணை மூட விடாமலும் வைத்திருக்கும். காலையிலேயே எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள்.

இரண்டாம் கிழமைதான் ஏமாற்றுகிற கிழமை. ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாள் வரையில், கிருமியோடு சண்டை பிடிக்கிற இரத்த வெள்ளணு மிகவும் கீழே இறங்கும். வார்ட்டில் "கவுண்ட் குறைஞ்சிட்டுது" என்று சொல்வது இதைத்தான். வெளியில் ஒன்றும் தெரியாது. வாய்க்கு ருசியும் வந்துவிடும், வேலைக்கும் போகலாம். ஆனால் 100, 101 பஸ்ஸில் தும்முகிறவர்களோடு நெரிந்துகொண்டு போகக் கூடாத கிழமை அது. அந்தக் கிழமை மட்டும் பத்து மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போக அனுமதி கேளுங்கள். முடியுமென்றால் அந்தக் கிழமை ஓட்டோவுக்குக் காசு ஒதுக்குங்கள். வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் பிடிக்க வேண்டாம். மூன்றாம் கிழமை உங்கள் கிழமை. மாத முடிவுக் கணக்கு, பாங்க் அலுவல் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளுங்கள்.

இப்போது லீவு. தனியார் கந்தோர்களுக்கு 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. அதன்படி உங்களுக்கு வருடாந்த லீவு 14, கெசுவல் லீவு 7, ஆக 21 நாள். மருந்தை வெள்ளிக்கிழமையில் ஏற்ற முடியுமா என்று கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும். வெள்ளி, திங்கள், செவ்வாய் என்று தடவைக்கு மூன்று நாள் லீவு போதும், நாலு தடவைக்குப் பன்னிரண்டு. பிறகு கிழமைக்கு ஒன்றாக ஏற்றுகிற மருந்துக்கு இன்னொரு பன்னிரண்டு. மூன்று நாள்தான் இடிக்கிறது. இடையில் புது வருடம் பிறந்தால் லீவும் புதிதாக வரும், ஒரு போயா லீவு திங்கட்கிழமையில் விழுந்தால் அதுவும் லாபம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு மனேஜரிடம் போங்கள். "எனக்குக் கான்சர், என்ன செய்யிறது சேர்" என்று போய் நிற்பதற்கும், "இந்தத் திகதிகளில் வரமாட்டேன், இந்தத் திகதிகளில் முழு வேலை செய்வேன்" என்று தாளை நீட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று அன்றைக்குத் தெரியும். ஊழியர் சேமலாப நிதியில் (ஈ.பி.எஃப்.) 30 வீதம் வரை மருத்துவச் செலவுக்கு முன்கூட்டியே எடுக்கவும் ஒரு வழி இருக்கிறது. நிபந்தனைகளை நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

யாருக்குச் சொல்வது? லீவு கையெழுத்துப் போடுகிறவருக்கும், பக்கத்து மேசைக்காரிக்கும். மற்றவர்களுக்குச் சொல்வதும் விடுவதும் உங்கள் விருப்பம். நல்லெண்ணத்தோடு நெஸ்டமோல்ட் டின்னையும் தூக்கிக்கொண்டு வந்து, தங்கள் பெரியம்மா எப்படிச் செத்தா என்று விவரிக்கிற ஆட்கள் எல்லாக் கந்தோரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆறுதலாக நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை.

சத்திக் குளிசையை ஓங்காளம் வரும் வரை காத்திருந்து போட வேண்டாம். எழுதித் தந்த மணிக்கு, எழுதித் தந்த நாள் வரை போட வேண்டும். ஒண்டன்செட்ரோன் என்ற சத்திக் குளிசை மலச்சிக்கலைக் கொண்டுவரும். அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஐந்து நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களுக்கு நான் எனிமா கொடுத்திருக்கிறேன், ஆகவே மூன்றாம் நாளிலேயே சொல்லுங்கள். கந்தோரில் உங்களுக்குப் பெரிய சோதனை பன்னிரண்டரை மணி. ஏசி அறைக்குள் பத்துச் சோற்றுப் பார்சலை ஒன்றாக அவிழ்ப்பார்கள். சூட்டில் லஞ்ச் சீட்டுக்குள் புழுங்கிய கருவாடும் பருப்பும் சேர்ந்து ஒரு மணம் வரும், சுகமானவர்களுக்கே முகத்தில் அடிக்கும். அந்த அரை மணித்தியாலம் வெளியில் போய் நில்லுங்கள், அல்லது பன்னிரண்டுக்கே உங்கள் சாப்பாட்டை முடியுங்கள். ஆறிய சாப்பாட்டில் மணம் குறைவு. இடியப்பமும் பால் சொதியும், தயிர் விடாத வெள்ளைச் சோறு, கிரீம் கிரக்கர், இஞ்சி போட்ட பிளேன்டீ, எது இறங்குகிறதோ அது. வாயில் இரும்பு ருசி அடித்தால் பிளாஸ்டிக் கரண்டியால் சாப்பிட்டுப் பாருங்கள். பச்சையாக அரிந்த வல்லாரைச் சம்பலும் தெருவோர வெட்டிய பழமும் கவுண்ட் குறைந்த கிழமையில் வேண்டாம்.

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிவப்பு மருந்தோடு சேர்த்து ஏற்றுகிற சைக்ளோபொஸ்பமைட் சலப்பையை அரிக்கும். கந்தோர்க் கழிவறை பிடிக்காது என்று காலையிலிருந்து சொட்டுத் தண்ணி குடிக்காமல், ஆறு மணிக்கு வீட்டுக்கு ஓடி வருகிறது எங்கள் பெண்களின் வழக்கம். இந்த ஆறு மாதமும் அது சரிவராது. முதல் ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அது மருந்தின் நிறம், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் சிவப்பாக இருந்தாலோ எரிந்தாலோ சொல்லுங்கள்.

முடி, முதல் ஊசியிலிருந்து இரண்டு மூன்று கிழமைக்குள் கொட்டும். முன்னமே கட்டையாக வெட்டிக்கொண்டால் தலையணை முழுக்க நீளமாகக் கிடப்பதைப் பார்க்கத் தேவையில்லை. மருந்து முடிந்தால் வளரும்.

கடைசியாக ஒன்று, இதை மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். கைப்பையில் வெப்பமானி இருக்க வேண்டும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பரனைட், காட்டினால் மேசையில் என்ன வேலை கிடந்தாலும் எழும்பி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அளக்க முந்திப் பனடோல் போட வேண்டாம், அது காய்ச்சலை மறைக்கும். கொழும்பில் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் டெங்குதான் ஞாபகம் வரும். வரிசையில் குந்த வைத்துவிடுவார்கள். வாசலிலேயே "நான் கீமோ எடுக்கிறேன், ஏற்றி ஒன்பது நாள்" என்று சொல்லிக் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். கவுண்ட் இல்லாத உடம்பில் கிருமி மணித்தியாலக் கணக்கில் ஆளைக் கவிழ்க்கும். வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற்றத் தொடங்குவதுதான் முறை. "நாளைக்குக் காலமை பார்ப்பம்" என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

பிறகு கிழமைக்கு ஒன்றாக ஏற்றுகிற மருந்தில் சத்தி குறைவு. ஒவ்வாமை வராமல் இருக்கப் போடுகிற ஊசியால் அன்று முழுக்கத் தூங்கி விழுவீர்கள், பின்னேரம் கந்தோர் என்ற எண்ணம் வேண்டாம். விரல் நுனி விறைக்கத் தொடங்கினால் அடுத்த கேள்விக்கான பதிலையும் வாசியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 52. ஜம்பட்டா வீதியில் சின்னப் பலசரக்குக் கடை. பெருங்குடல் புற்றுநோய்க்கு இரண்டு கிழமைக்கு ஒரு தரம் மருந்து ஏற்றுகிறார்கள். ஏற்றிவிட்டு வந்து கடை ஃபிரிட்ஜில் சோடாப் போத்தலைத் தொட்டால் விரலில் கரண்ட் அடிக்கிறது. ஐஸ் தண்ணி குடித்தபோது தொண்டை அடைத்து மூச்சு நின்றுவிடும் போல் இருந்தது. இதயத்தில் ஏதாவதா?
கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் ஒக்சாலிபிளாட்டின் என்ற மருந்தாக இருக்க வேண்டும் தம்பி. அது நரம்பைக் குளிருக்குக் கூசப் பண்ணும். தொண்டை உண்மையில் அடைபடுவதில்லை, அடைத்தது போல உணர்வு வரும், சூடான தண்ணீரை மெதுவாகக் குடித்தால் தணியும். ஆனாலும் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், அடுத்த முறை மருந்தை மெதுவாக ஏற்றுவார்கள். உடம்பு தடித்தாலோ, முகம் வீங்கினாலோ, நெஞ்சு நொந்தாலோ அது வேறு கதை, உடனே ஆஸ்பத்திரி.

ஏற்றிய பிறகு ஒரு ஐந்தாறு நாளைக்கு ஃபிரிட்ஜ் உங்களுடையது இல்லை. மகனிடமோ பொடியனிடமோ விடுங்கள். ஆளில்லாத நேரத்தில் எடுக்க ஃபிரிட்ஜ் கைபிடியிலேயே ஒரு சோடித் துணிக் கையுறை கொழுவி வையுங்கள். விடியப்புறம் வெறுங்காலோடு டைல் தரையில் நடக்க வேண்டாம். சோடா, ஐஸ்கிரீம், குளிர்ந்த இளநீர் எல்லாம் பொறுக்கட்டும்.

கடைக்காரருக்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. லாச்சிக்குள் கையை விட்டு, பார்க்காமல், ஐந்து ரூபாய்க் குற்றியையும் பத்து ரூபாய்க் குற்றியையும் தடவிப் பிரித்துப் பாருங்கள். சேட் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். அடுத்த ஊசி வரை விறைப்பு விடாமல் இருந்தாலோ, இவை தடுமாறினாலோ, ஊசிக்கு முந்தியே சொல்லுங்கள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிற ஆண்கள்தான் அதிகம். அளவைக் குறைக்கவும் இடைவெளி விடவும் டொக்டர்மாருக்குத் தெரியும். பிந்திச் சொன்னால் விறைப்பு வருடக்கணக்கில் நின்றுவிடக்கூடும், பிறகு அந்தக் கையால் சில்லறை எண்ண முடியாது.

கேள்வி: கணவர் கீமோ எடுக்கிறார். முள்சீத்தா இலை அவித்துக் கொடுத்தால் கட்டி கரையும் என்று அயலில் சொல்கிறார்கள். களைப்புக்கும் நல்லதாம். கொடுக்கலாமா?
தெஹிவளை வாசகி

பதில்: இப்போது வேண்டாம். மனிதரில் அது புற்றுநோயைக் கரைத்ததற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. கீமோ மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரலும் சிறுநீரகமும். அதே நேரம் அளவு தெரியாத கஷாயத்தையும் ஊற்றினால், இரத்தப் பரிசோதனை பிழைத்து அடுத்த ஊசி தள்ளிப்போகும், யாரைக் குற்றம் சொல்வது என்றும் தெரியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் டொக்டரிடம் சொல்லுங்கள், ஏசினால் ஏசட்டும். களைப்புக்கு, கேட்டால் நம்ப மாட்டீர்கள், வெயில் தாழ்ந்த பிறகு ஒழுங்கையில் கொஞ்ச நேரம் நடப்பதுதான் நல்லது. இரத்தம் குறைந்ததால் வந்த களைப்பா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் கந்தோரில் ஒருவர் கீமோ எடுத்துக்கொண்டு வேலைக்கு வருகிறார். பக்கத்தில் இருந்தால் எங்களுக்கு ஏதும் வருமா? ஒரே கழிவறைதான்.
பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: பக்கத்தில் இருப்பதாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ ஒன்றும் வராது. மருந்து முதல் 48 மணித்தியாலத்தில் சிறுநீரிலும் சத்தியிலும் வெளியேறும், அந்த இரண்டு நாளும் அவர் அநேகமாக வீட்டில்தான் இருப்பார். வந்தாலும் மூடியைப் போட்டு இரண்டு தரம் ஃபிளஷ் பண்ணினால் போதும், அது அவருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பயப்பட வேண்டியவர் அவர்தான், உங்களுக்குத் தடிமன் என்றால். மாஸ்க் போடுங்கள், அல்லது அன்றைக்கு அடுத்த மேசையில் இருங்கள். பழம் கொண்டுபோவதென்றால் வாழைப்பழம், தோடம்பழம் என்று தோலோடு கொண்டுபோங்கள், வெட்டிய அன்னாசி வேண்டாம். "ஏதும் உதவி வேணுமா" என்று பொதுவாகக் கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "புதன்கிழமை பாங்குக்கு நான் போறன், உங்கட செக்கையும் தாங்கோ" என்று கேளுங்கள்.