மேட்டு வீட்டுக்கும் தண்ணீர்க் கணக்கு உண்டு

கேள்வி: நைமேகனில் சிப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். எனக்கு 37 வயது, மனைவிக்கு 33. இருவருக்கும் இதுதான் முதல் வீடு. பக்கத்து நகராட்சியான பெர்க் என் தாலில், பேக் கிராமத்தில், 1956-ல் கட்டிய ஒரு வீடு பிடித்திருக்கிறது. 900 சதுர மீட்டர் நிலம், பின்னால் ஏறிப் போகும் காடு, 'தெற்கு பார்த்த தோட்டம்' என்று விளம்பரம். 4,60,000 யூரோவுக்குக் கேட்கலாம் என்றிருக்கிறோம். "நிபந்தனை எதுவும் போடாமல் கேட்டால்தான் கிடைக்கும்" என்கிறார் விற்பவரின் தரகர். நெதர்லாந்தில் வெள்ளத்துக்குப் பயந்தால் மேட்டுப் பகுதியில்தான் வாங்க வேண்டும் என்று நண்பர்களும் சொல்கிறார்கள். துணிந்து இறங்கலாமா?
– வாசகர், நைமேகன்

பதில்: இறங்கலாம். ஆனால் நிபந்தனை இல்லாமல் வேண்டாம். அதுவும் இந்த வீட்டுக்கு, இந்த இடத்தில், கட்டடப் பரிசோதனையில் பெரிய பழுது தெரிந்தால் விலகலாம் என்ற நிபந்தனையை விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதிதான் சரி. பெர்க் என் தால் நகராட்சி 2015-ல் க்ரூஸ்பேக், உபெர்கன், மில்லிங்கன் ஆகிய மூன்றும் இணைந்து உருவானது. இதற்குள் இரண்டு வேறு உலகங்கள் இருக்கின்றன. தெற்கே 90 மீட்டரைத் தாண்டும் குன்று வரிசை. வடக்கே வால் என்ற ஆற்றின் கரையிலுள்ள தாழ்நிலமான ஓய், மில்லிங்கன் பகுதி. 1995 ஜனவரியின் இறுதியில் ஆறுகள் ஏறியபோது சுமார் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். ஓய் தாழ்நிலமும் அதில் அடக்கம். பெரிய ஆற்றின் கரை உடைந்து வரும் வெள்ளத்துக்கு அங்கே வழக்கமான வீட்டுக் காப்பீடு பணம் தராது. இந்த அளவில் நண்பர்கள் சொன்னது சரி. ஆனால் பேக் கிராமத்தின் பெரும்பகுதி மேட்டின் மேல் இல்லை, மேட்டின் அடியில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஆற்றிலிருந்து ஏறி வராது. முதுகுப்பக்கம் மேலிருந்து இறங்கி வரும்.

இந்தக் குன்றுகள் சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறை தள்ளிக் குவித்த மணலும் சரளையும். மழை அதற்குள் சட்டென்று இறங்கிவிடும். நடுவே சாய்ந்து கிடக்கும் களிமண் படலங்களில் தடுக்கப்பட்டு, அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். பேக்கிலும் உபெர்கனிலும் ஒரு காலத்தில் சலவைத் தொழில் செழித்ததே இந்த ஊற்றுத் தண்ணீரை நம்பித்தான். அதே தண்ணீர் நிலவறைச் சுவரில் கசிந்தால் வேறு கதை.

ஆகவே இரண்டாவது முறை வீட்டைப் பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள். வாசலுக்கு உள்ளே மிதியடியைத் தூக்கினால் பல டச்சு வீடுகளில் ஒரு மரப்பலகை மூடி இருக்கும். தரைக்கு அடியிலுள்ள ஊர்ந்து போகும் இடைவெளிக்கு அதுதான் வழி. தரகரிடம் கேட்டு அதைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். மண் ஈரமாக இருப்பது சகஜம், தண்ணீர் தேங்கி நிற்பது சகஜமல்ல. தரையைத் தாங்கும் உத்தரங்களின் முனை சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் மரம் மக்கிவிட்டது. நிலவறையில், மேட்டைப் பார்த்த சுவரில் உப்பு பூத்த வெள்ளைக் கோடு தெரிகிறதா, அந்த ஒரு சுவருக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களா, மூலையில் குழி வெட்டி மோட்டார் வைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். மோட்டார் இருந்தால் பயப்படத் தேவையில்லை. எத்தனை நாளுக்கு ஒருமுறை ஓடுகிறது என்று கேளுங்கள். பெருமழையில் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கும் என்பதை கிளிமாட்எஃபெக்ட்அட்லஸ் இணையதள வரைபடம் காட்டும். தெருவிலிருந்து கீழே சரியும் கார் ஷெட் இருந்தால் அதை அவசியம் பாருங்கள்.

மேல் வீட்டுக்காரரோடு சண்டை போடும் முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உயர்ந்த நிலத்திலிருந்து இயற்கையாக வழியும் தண்ணீரைத் தாழ்ந்த நிலம் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று டச்சு சிவில் சட்டம் சொல்கிறது. அவர் முற்றம் முழுக்கக் கல் பாவி, குழாய் வைத்து உங்கள் பக்கம் தள்ளினால் அது இயற்கை ஆகாது, அப்போது கேட்கலாம். கூரைத் தண்ணீரை அடுத்தவர் நிலத்தில் விழவிடவும் கூடாது.

அடுத்தது தோட்டத்தின் தாங்கு சுவர். சரிவு நிலத்தில் மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதுதான். வாங்குபவர்கள் சமையலறையை அரை மணி நேரம் பார்ப்பார்கள், இந்தச் சுவரை அரை நிமிஷம்கூடப் பார்க்கமாட்டார்கள். தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள், மேல் விளிம்பு வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று. கீழ்வரிசையில் தண்ணீர் வெளியேற ஓட்டைகள் வேண்டும். அவை இல்லாவிட்டாலும், மண் அடைத்திருந்தாலும், மண்ணின் எடையோடு தேங்கிய தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். படுக்கைவாக்கில் ஓடும் விரிசல் அதற்கு அடையாளம். சுவர் எல்லைக்கோட்டின் மேலேயே நின்றால், யாருக்குச் சொந்தம், யார் பழுது பார்ப்பது என்பதைப் பத்திரத்தில் தேடுங்கள். நீளமான சுவரை இடித்துக் கட்ட வேண்டி வந்தால் பத்தாயிரம் யூரோ போதாமல் போகலாம்.

வழக்கமான கட்டடப் பரிசோதனையில் இந்தச் சுவரும் மண்ணுக்குள் போகும் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் சேராது. இரண்டையும் சேர்க்கச் சொல்லி ஆர்டர் கொடுங்கள். 1956-ன் குழாய் சுட்ட மண்ணால் ஆனதாக இருக்கலாம். காட்டு மரங்களின் வேர் இணைப்புகளில் புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்த்தால் அன்றே தெரிந்துவிடும். அந்தக் காலத்து வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ், ஈயக் குழாய், தோட்டத்தில் புதைத்த பழைய எண்ணெய்த் தொட்டி ஆகிய மூன்றைப் பற்றியும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். தெரிந்த குறைகளைச் சொல்வது விற்பவரின் கடமை. கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் கடமை. ஒப்பந்தத்தில் 'பழைய வீடு' என்ற பிரிவைச் சேர்த்துவிட்டால் பின்னால் புகார் சொல்வது கடினம்.

'தெற்கு பார்த்த தோட்டம்' என்பதை நம்பிவிடாதீர்கள். பேக்கில் தெற்கே இருப்பதே குன்றுதான். டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அந்த ஊரில் அடிவானத்திலிருந்து 15 பாகைதான் ஏறும். சமதரையிலேயே 25 மீட்டர் உயர மரத்தின் நிழல் 90 மீட்டருக்கு மேல் நீளும். சரிவின் அடியில் இருக்கும் வீட்டுக்கு இன்னும் மோசம். குளிர்காலத்தில் சில வாரங்கள் நேர் வெயிலே விழாத வீடாக இருக்கலாம். கூரையில் சோலார் தகடு போடும் திட்டம் இருந்தால் நிழல் கணக்கை முதலில் போடுங்கள். பக்கத்துக் காட்டின் மரத்தை உங்களுக்காக யாரும் வெட்டப்போவதில்லை. உங்கள் தோட்டத்து மரத்துக்கே அனுமதி தேவையா என்று நகராட்சியைக் கேட்க வேண்டியிருக்கும்.

900 சதுர மீட்டர் முழுவதும் உங்கள் இஷ்டத்துக்கு என்றும் நினைக்காதீர்கள். ஒம்கேவிங்ஸ்லோகெட் என்ற அரசு இணையதளத்தில் முகவரியைப் போட்டால், நிலத்தின் எந்தப் பகுதி குடியிருப்பு, எந்தப் பகுதி காடு அல்லது இயற்கைப் பகுதி என்று வரைபடமாக வரும். காடு என்று குறித்த பகுதியில் கொட்டகை போடுவதும் கல் பாவுவதும் நடக்காது. காடாஸ்டர் என்ற நிலப்பதிவு அலுவலகத்தில் சில யூரோவுக்குப் பழைய பத்திரத்தின் நகல் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு உங்கள் நிலத்தின் வழியே நடைபாதை உரிமை இருந்தால் அதில் எழுதியிருக்கும்.

இதே நகராட்சியில் காட்டுக்குள் மர வீடு ஒன்று பாதி விலைக்குக் கண்ணில் பட்டால், அது விடுமுறை வீடாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் குடியிருக்க அனுமதி இருக்காது. வங்கிக் கடனும் கஷ்டம். பத்திர வரியில் உங்களுக்கு வரும் சலுகையும் அதற்குக் கிடையாது.

இனி பணம். 2026-ன் விதிப்படி சொல்கிறேன். வங்கி, வீட்டின் மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் கடன் தராது. நீங்கள் கேட்ட விலை அதற்குக் கணக்கில்லை. மதிப்பீட்டாளர் 4,45,000 என்று எழுதினால், இடைவெளியான 15,000 உங்கள் கையிலிருந்து. பத்திர வரி குடியிருப்போருக்கு 2 சதவீதம். 35 வயதுக்குள் இருந்து, வீட்டின் மதிப்பு 5,55,000-ஐத் தாண்டாமல், இந்தச் சலுகையை முன்பு பயன்படுத்தாமல் இருந்தால் வரி இல்லை. ஆளுக்குப் பாதி என்று வாங்கினால் உங்கள் மனைவியின் பாதிக்கு விலக்கு, உங்கள் பாதிக்கு 4,600 யூரோ. விலை 4,70,000-க்குள் இருப்பதால் என்.எச்.ஜி. என்ற தேசியக் கடன் உத்தரவாதம் கிடைக்கலாம். கட்டணம் கடனில் 0.4 சதவீதம், அதாவது 4,45,000 கடனுக்கு 1,780. ஆனால் வட்டி குறையும். நோட்டரி, கடன் ஆலோசகர், மதிப்பீடு, பரிசோதனை, உங்கள் தரப்புத் தரகர் எல்லாம் சேர்ந்து பத்தாயிரம் என்று வையுங்கள். ஆகமொத்தம் 31,000 முதல் 32,000 யூரோ சேமிப்பில் இருந்தால்தான் இந்த விலைக்குக் கை நீட்டலாம். கடன் வாங்கிய செலவுகளை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். பத்திர வரியைக் கழிக்க முடியாது.

வெப்பக்காப்பு, ஹீட் பம்ப், சோலார் தகடு போன்ற ஆற்றல் சேமிப்பு வேலைகளுக்கு மதிப்பில் 6 சதவீதம் வரை, உங்கள் கணக்கில் 26,700 யூரோ, கூடுதலாகக் கடன் கேட்கலாம். 1956 வீட்டின் இரட்டைச் சுவர் இடைவெளி காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். அதை நிரப்புவதே மலிவான வேலை, ஆனால் காட்டோரத்தில் வௌவால்கள் அங்கேதான் தங்கும். அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஆய்வு முடிக்காமல் துளை போட்டு நிரப்பினால் அபராதம் வரலாம். வேலைக்குத் தேதி கேட்கும்போதே இதையும் கேளுங்கள்.

தரகர் சொன்ன 'நிபந்தனை இல்லாமல்' என்பதற்கு வருகிறேன். அவர் விற்பவருக்காக வேலை பார்ப்பவர். கடன் நிபந்தனையை விட்டுவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் வங்கி மறுத்தால், வழக்கமான அபராதம் விலையில் 10 சதவீதம்: 46,000 யூரோ. உங்களிடம் நிரந்தர வேலை ஒப்பந்தமா, எந்த வகைக் குடியேற்ற அனுமதி என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வங்கியும் ஒவ்வொரு விதமாக முடிவெடுக்கும் என்பதால் இந்த ஆபத்து உங்களுக்குச் சிறியதல்ல. விலை கேட்கும் முன்பே கடன் ஆலோசகரிடம் சம்பளச் சான்று, அனுமதி அட்டை எல்லாவற்றையும் காட்டிக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு ஒரு நடுவழி உண்டு: விலை கேட்பதற்கு முன்பே பரிசோதகரை வரவழைத்துப் பார்த்துவிடுவது. வீடு கிடைக்காவிட்டால் ஐந்நூறு யூரோ அளவுக்குப் போகும், போகட்டும். விற்பவர் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், "அவசரப் பழுது 10,000 யூரோவைத் தாண்டினால் விலகலாம், ஐந்து வேலை நாளில் சொல்லிவிடுகிறோம்" என்று எழுதுங்கள். குறுகிய கெடு கொடுத்தால் பல விற்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

வாயால் "சரி" என்பது இருவரையும் கட்டாது, எழுத்து வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்த நகல் உங்கள் கைக்கு வந்த மறுநாளிலிருந்து மூன்று நாள் யோசிக்க உரிமை உண்டு. அதற்குள் காரணம் சொல்லாமல் விலகலாம். வில்லங்கம் பார்ப்பதும் பதிவு செய்வதும் நோட்டரி வேலை. செலவு உங்களுடையது என்பதால் நோட்டரியைத் தேர்வு செய்வதும் நீங்கள்தான். டச்சு நன்றாகப் புரியாவிட்டால் கையெழுத்து நாளில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நோட்டரி சொல்வார். அதற்கும் சில நூறு யூரோ ஒதுக்குங்கள்.

வீட்டுக் காப்பீடு பத்திரம் மாறும் நாளிலேயே தொடங்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: பெருமழையில் மேட்டிலிருந்து நிலத்தின் மேல் ஓடி வந்து வீட்டுக்குள் புகும் தண்ணீருக்குப் பணம் உண்டா? சுவர் வழியாகக் கசியும் நிலத்தடித் தண்ணீருக்கு உண்டா? முதலாவதற்குப் பெரும்பாலும் உண்டு, இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.