வாசகர் கேள்வி பதில்: உப்புக் காற்றில் பழைய வயரிங்

கேள்வி: தங்கச்சிமடத்தில் மாமனார் காலத்து வீடு. வாடை அடிக்கிற மாதங்களில் ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிறது. எலக்ட்ரீஷியன் வந்து ப்ளக் பாயின்டைக் கழற்றி, உள்ளே ஒரு துண்டு வயர் கொடுத்து நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிட்டார். ஷாக் நின்றுவிட்டது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டால் நானும் பிள்ளைகளும் மட்டும்தான். இப்படியே விடலாமா?

பதில்: விடக்கூடாது அம்மா. மெயினை அணைத்துவிட்டு ஃபிரிட்ஜ் ப்ளக்கை எடுத்துவிடுங்கள், அந்தத் துண்டு வயரைக் கழற்றி, கீழே சொல்கிற வேலைகளும் முடிந்த பிறகு மாட்டினால் போதும். ஷாக் நின்றது போலத் தெரிகிறதே தவிர, ஆபத்து முன்னைவிடப் பெரிதாகியிருக்கிறது. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் வயர் வழியில் எங்காவது விட்டுப்போனால், ஃபிரிட்ஜுக்குள் போன மின்சாரம் திரும்ப வழியில்லாமல் அந்தத் துண்டு வழியாக ஃபிரிட்ஜின் தகரத்துக்கு வந்து நிற்கும், 230 வோல்ட்டும் முழுசாக. உங்கள் ஊரில் நியூட்ரல் விட்டுப்போவது அபூர்வமும் இல்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்து இரும்பையே ஓயாமல் பெயின்ட் அடித்துக் காப்பாற்ற வேண்டியிருந்த காற்று இது, ஒரு சின்னப் பித்தளைத் திருகு எத்தனை நாள் தாங்கும்? மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்தால் திருகுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும். செம்பு வயரையும் அலுமினிய வயரையும் முறுக்கி டேப் சுற்றிய இடம் இருந்தால் இன்னும் மோசம், ஈர உப்புப் பட்டதும் அலுமினியம் கரைய ஆரம்பித்து, ஜாயின்ட் தளர்ந்து சூடாகி, கடைசியில் கருகிவிடும்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் உங்கள் வீட்டில் இல்லை, அல்லது இருந்தது மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்துவிட்டது, எனக்கு அப்படித்தான் படுகிறது. பழைய முறையில் ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயைப் புதைத்துச் சுற்றிலும் கரியும் உப்பும் போடுவார்கள். உள்நாட்டு வறண்ட நிலத்துக்கு அது சரி. ஏற்கெனவே உப்பேறிய உங்கள் மண்ணில் இன்னும் உப்பைக் கொட்டினால் பைப்தான் சீக்கிரம் போகும். செம்புப் பூச்சு கனமாக உள்ள எர்த் ராடாக வாங்கி, மேலே இருக்கிற காய்ந்த மணலோடு நிறுத்தாமல் எப்போதும் ஈரமாக இருக்கிற மட்டம் வரை இறக்கச் சொல்லுங்கள். மேல்முனையை மண் போட்டு மூடிவிடாமல் சின்னத் தொட்டி கட்டி மூடி போட்டு வையுங்கள், வருடம் ஒருமுறை திறந்து ஜாயின்டைப் பார்க்கலாம்.

எர்த் மட்டும் போதுமா என்றால், போதாது. எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் வருகிற ஃபேஸ் வயர் ஃபிரிட்ஜ் தகரத்தில் பட்டால் எர்த் வழியாக ஓடுவது பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ஃபியூஸ் அதற்கு அசையாது, எம்சிபி என்கிற தானாக விழும் சுவிட்சும் விழாது, ஃபிரிட்ஜ் கரண்டோடு அப்படியே நிற்கும், பிள்ளை வந்து கதவைத் திறக்கும். அதனால்தான் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச் வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் அந்த அளவுக்கு வித்தியாசப்பட்டால் அரை நொடிகூட ஆகாமல் லைனை வெட்டிவிடும். புது சுவிட்ச், அலங்கார விளக்கு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், கையில் இருக்கிற முதல் பணம் எர்த்துக்கும் இதற்கும் போகட்டும்.

கேள்வி: கீழக்கரையில் தாத்தா கட்டிய பெரிய வீடு, இன்னும் மரப்பட்டி வயரிங், பீங்கான் ஃபியூஸ் கட்டைதான். வெளிநாட்டில் இருக்கும் மகன் அடுத்த லீவுக்குள் இரண்டு ஏசி போடச் சொல்கிறான். பழைய வயரிலேயே போடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும், ஸ்டார்ட் ஆகும்போது அதைவிட அதிகம். மரப்பட்டிக்குள் இருக்கிற ரப்பர் உறை இத்தனை வருடத்தில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும், கையால் அசைத்தாலே உதிரும். அதில் ஒட்டுப்போடப் போகாதீர்கள். ஒவ்வொரு ஏசிக்கும் மெயினிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்சிபி. அடிக்கடி ஃபியூஸ் போகிறது என்று கட்டையில் இரண்டு மூன்று இழை முறுக்கிப் போட்டிருந்தால் அதை இன்றைக்கே மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஃபியூஸ் போவதற்கு முன்பே சுவருக்குள் வயர் எரியும்.

வீடு முழுக்க ஒரே மூச்சில் மாற்ற வேண்டியதில்லை. மீட்டரிலிருந்து புது மெயின் பாக்ஸ், ஆர்சிசிபி, எர்த், ஏசி லைன், அடுப்படி, குளியலறை, மோட்டார் இவை இந்த லீவுக்குள் முடியட்டும். ஹால் லைட்டும் ஃபேனும் பிறகு ஆகட்டும். பாக்ஸ் தகரத்தில் வேண்டாம், ரப்பர் வாஷரோடு இறுக மூடுகிற பிளாஸ்டிக்கில் வாங்குங்கள். சுண்ணாம்புச் சுவரை வெட்டி பைப் பதிக்காமல் சுவர் மேலேயே பிவிசி பைப் ஓட்டலாம், பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் ஈரம் கசிகிற சுவருக்கு அதுதான் நல்லது, பின்னால் பழுது பார்க்கவும் சுலபம். வயர்மேன் சான்று உள்ளவரை அழையுங்கள். மின்வாரியத்தில் கூடுதல் மின்பளுவுக்கும் மறக்காமல் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: ஏர்வாடியில் இருக்கிறோம். ஆர்சிசிபி போட்டதிலிருந்து மழை பெய்தால் நடுராத்திரியில் கரண்ட் போய்விடுகிறது. எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள் தம்பி, அது உங்களுக்கு எங்கேயோ கசிவு இருக்கிறது என்று சொல்கிறது. எல்லா எம்சிபியையும் அணைத்துவிட்டு ஆர்சிசிபியை ஏற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அந்த லைன்தான். எல்லாம் அணைந்திருந்தும் விழுந்தால் ஏதோ ஒரு லைனின் நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று சந்தேகப்படலாம், சாதாரண எம்சிபி ஃபேஸை மட்டுமே வெட்டும் என்பதால் அதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் நியூட்ரல்களைத் தனித்தனியாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். மழையில் மட்டும் வருகிறது என்கிறீர்கள், முதலில் கிணற்று மோட்டார் கேபிள் ஜாயின்டையும் வாசல் விளக்கையும் பாருங்கள். அப்புறம் ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற பாகம் இறுகிப்போவது உண்டு. அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே வேறு வாங்கிப் போடுங்கள்.