ஃபேன் கண்டென்சருக்குள் பிளாஸ்டிக் என்ன செய்கிறது?

கேள்வி: எங்கள் வீட்டு ஃபேன் ஆறு மாதமாக மெதுவாகத்தான் சுற்றியது. எலக்ட்ரீஷியன் கண்டென்சரை மாற்றியதும் பழைய வேகம் வந்துவிட்டது. பழைய டப்பாவை உடைத்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சு போட்ட பிளாஸ்டிக் சுருள்தான் இருக்கிறது. மின்சாரமே போகாத பிளாஸ்டிக் எப்படி மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போகாததால்தான் சேர்கிறது! வெள்ளி மாதிரி தெரிவது அலுமினியமோ துத்தநாகமோ, அதுதான் தகடு. ஒரு தகட்டில் நேர் மின்னூட்டமும் எதிர்த் தகட்டில் எதிர் மின்னூட்டமும் ஏறி, ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும். நடுவில் பிளாஸ்டிக் இருப்பதால் சேர முடியாது.

ஆனால் பிளாஸ்டிக்கை வெறும் தடுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அதன் எலக்ட்ரான்களால் ஓட முடியாது, ஆனாலும் நேர்த் தகட்டின் பக்கமாகத் துளியூண்டு நகர்ந்து நிற்கும், அந்த நகர்வு தகட்டு மின்னூட்டத்தில் ஒரு பங்கை ஈடுகட்டிவிடுவதால் அதே வோல்ட்டில் இன்னும் கொஞ்சம் ஏற இடம் கிடைக்கிறது. நடுவில் காற்று இருந்தால் ஏறுவதைப்போல் உங்கள் சுருளில் இருக்கும் பிளாஸ்டிக்கான பாலிப்ரோப்பிலீனில் சுமார் 2.2 மடங்கு ஏறும், மைக்காவில் 5 முதல் 7 மடங்கு. கந்தகம், அரக்கு, கண்ணாடி என்று மாற்றி மாற்றி வைத்து 1837-இல் இதை அளந்து காட்டியவர் ஃபாரடே, எவ்வளவு மின்னூட்டம் ஏறும் என்பதைக் காட்ட டப்பாவில் 2.5 மைக்ரோ ஃபாரட் என்று போட்டிருக்குமே, அந்த ஃபாரட் அவர் பெயர்தான்.

தண்ணீருக்கு இந்தக் கணக்கு 80. அதையே வைக்கலாமே என்றால், துளி உப்பு கரைந்தாலும் மின்சாரம் கசிந்துவிடும். பாலிப்ரோப்பிலீன் கசியவிடாது, சில மைக்ரான் கனத்திலேயே 440 வோல்ட்டையும் தாங்கும், அதனால்தான் 2.2 போதும் என்று அதையே போடுகிறார்கள்.

சரி, ஃபேன் ஏன் மெதுவானது? பிளாஸ்டிக் தாளில் பலவீனமான இடம் எங்காவது இருந்தால் அங்கே பொறி பாயும், அந்தச் சூட்டில் சுற்றியுள்ள பூச்சு ஆவியாகி, பழுதான இடம் தானே துண்டிக்கப்பட்டுவிடும். கண்டென்சர் பிழைத்துக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு தடவையும் தகட்டில் கொஞ்சம் பரப்பு போய்விடும், 2.5 என்பது 2 ஆகி அதற்கும் கீழே இறங்கும், அதோடு ஃபேனின் வேகமும் குறையும். சுருளை எறியாமல் வைத்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், பூச்சு அழிந்த சின்னச் சின்ன வட்டங்கள் தெரியலாம்.

அப்புறம், கழற்றிய கண்டென்சரின் ஒயர் முனைகளை வெறுங்கையால் தொடாதீர்கள். சுவிட்சை அணைத்த பிறகும் உள்ளே மின்னூட்டம் இருக்கலாம்; ஒரு குண்டு பல்பை இரண்டு முனைக்கும் நடுவே கொடுத்து இறக்கிவிட்டு அப்புறம் உடையுங்கள்.