மேமியோ தகர வீட்டில் அம்மா: வெயிலுக்கு என்ன செய்ய?

தம்பி, தகரக் கூரை, பகலில் கரண்டு இல்லை, அம்மா பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எழுதியிருந்தீங்க. 2024 ஏப்ரலில் சவுக் (Chauk) ஊரில் 48.2 டிகிரி அடிச்ச பர்மா நாடு இது. ஆனா கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே இருக்கிற மலையூர் மேமியோவில் (இப்போ பியின் ஊ ல்வின்) வீடெல்லாம் குளிரை நினைச்சுக் கட்டினது, அதான் சிக்கல்.

வெயில் ஏறுமுன்னே ஜன்னலைச் சாத்தி, வெளியே நனைச்ச சாக்கைத் தொங்கவிடுங்க. ராத்திரி எல்லாத்தையும் திறந்துடுங்க. காத்து காய்ஞ்சிருக்கிறதால ஈரத்துணி நல்லாவே குளிர்ச்சி தரும். ரங்கூன் புழுக்கத்தில் இது அவ்வளவா எடுபடாது. அறைக்குள்ளே 40ஐத் தாண்டினா ஃபேனை நம்பாதீங்க, சூட்டைத்தான் வீசும். கை, கழுத்தை நனைச்சுக்கச் சொல்லுங்க. தனாக்கா (பர்மாவில் மரப்பட்டையை அரைச்சுப் பூசுற சாந்து) பூசட்டும், ஆனா அது மருந்தில்லை.

மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. நீர் பிரியிற வகையான்னு டாக்டரைக் கேளுங்க. பேச்சு குழறி உடம்பு கொதிச்சா, தண்ணி ஊத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.