மேல்மாடித் தோழியின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன், எங்கே பதிய வேண்டும்?

கேள்வி: வணக்கம் அக்கா. ஈசூனில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) நான்கறை வீட்டில் இருக்கிறோம். எனக்கு 38 வயது, சிங்கப்பூர்க் குடிமகள். பிள்ளைகள் இருவரும் தொடக்கப்பள்ளிக்குப் போகிறார்கள். மேல்மாடியில் இருக்கும் தோழிக்கு அடுத்த மாதம் மகப்பேற்று விடுப்பு முடிகிறது. நான்கு மாதக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போக நினைக்கிறாள், மாதம் 300 வெள்ளி தருகிறேன் என்கிறாள். இங்கிலாந்தில் இருக்கும் என் நாத்தனார் பதிவுபெற்ற குழந்தைப் பராமரிப்பாளர். "பதிவு செய்யாமல் ஒரு குழந்தையைக்கூடத் தொடாதே" என்று பயமுறுத்துகிறார். இங்கே எங்கே பதிவது? இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இன்னும் என்ன தெரிய வேண்டும்? (ஒரு வாசகி, ஈசூன்)

பதில்: தங்கச்சி, உங்கள் நாத்தனார் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே பணம் வாங்கிக்கொண்டு தன் வீட்டில் பிறர் குழந்தையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பிலோ ஒரு முகமையிலோ பதிய வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவியில் 12 மணி நேர வகுப்பு, வீட்டில் இருக்கும் 16 வயதைத் தாண்டிய அத்தனை பேருக்கும் பின்னணிச் சோதனை, எட்டு வயதுக்குட்பட்டவர்கள் ஆறு பேருக்கு மேல் கூடாது என்று கணக்கெல்லாம் உண்டு.

நம் ஊரில் வழி வேறு. 2019 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டப்படி, ஏழு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகளோ அதற்கு மேலோ வழக்கமாக வந்து தங்கும் இடம் என்றால் அது பராமரிப்பு நிலையம், உரிமம் கட்டாயம். தோழியின் ஒரு குழந்தையைப் பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. ஆனால் ஒன்று நன்றாகப் போகிறதென்று இரண்டு, மூன்று என்று சேர்த்துக்கொண்டே போகாதீர்கள். கைக்குழந்தைக்கு ஓர் ஆளின் கை எவ்வளவு எட்டும் என்பதற்கு நிலையங்களின் கணக்கைப் பாருங்கள்: 18 மாதத்துக்குட்பட்ட ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர். அங்கே சமைக்க வேறு ஆள், துடைக்க வேறு ஆள். உங்கள் வீட்டில் எல்லாமே நீங்கள்தான், மதியத்தில் உங்கள் பிள்ளைகளும் பசியோடு வந்து நிற்பார்கள். முதல் ஆறு மாதம் ஒரே குழந்தை போதும்.

முறையாகப் பயிற்சி பெற்று இதையே தொழிலாகச் செய்ய ஆசை இருந்தால் அதற்கும் வழி இருக்கிறது. பாலர் பருவ மேம்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் மூன்றாண்டு முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2 மாதம் முதல் 18 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. பராமரிப்பாளர் தன் வீட்டிலோ, ஒதுக்கப்பட்ட சமூக இடத்திலோ பார்த்துக்கொள்வார். பட்லர், கிடிபிளிஸ், நேனிப்ரோ ஆகிய மூன்று நிறுவனங்களைத்தான் தொடக்கத்தில் நியமித்தார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, பெற்றோரோடு சேர்த்துவைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அரசாங்கம் ஒரு பங்கு ஏற்பதால், வார நாள்களில் முழுநாள் பராமரிப்புக்குப் பெற்றோர் கையிலிருந்து மாதம் ஏறத்தாழ 700 வெள்ளி என்ற கணக்கில் தொடங்கினார்கள். "எங்கே பதிவது" என்ற உங்கள் கேள்விக்கு ஆக நெருக்கமான பதில் இதுதான். தோழியிடம் சரி சொல்வதற்கு முன்பே அவர்களிடம் விசாரித்துவிடுங்கள்.

இப்போது பணத்துக்கு வருகிறேன், நீங்கள் கூச்சப்பட்டு ஒரே வரியில் தாண்டிய இடம். காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை என்றால் பத்து மணி நேரம், மாதம் 22 நாள், மொத்தம் 220 மணி நேரம். 300 வெள்ளியைப் பிரித்துப் பாருங்கள், மணிக்கு ஒன்றரை வெள்ளிகூட வரவில்லை. தோழி கெட்டவள் இல்லை, அவளும் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாள். நீங்கள் போட்டுக் காட்டுங்கள். அவள் பக்கத்துக் கணக்கையும் மறைக்காதீர்கள்: உரிமம் பெற்ற நிலையத்தில் சேர்த்தால் வேலை செய்யும் தாய்க்கு முழுநாள் சிசு பராமரிப்புக்கு மாதம் 600 வெள்ளி அடிப்படை மானியம் உண்டு, உங்கள் வீட்டில் விட்டால் அது கிடைக்காது. இரண்டையும் மேசையில் வைத்துப் பேசி ஒரு தொகைக்கு வாருங்கள். தாமதமாக வந்து கூட்டிப்போனால் என்ன, அவள் விடுப்பு எடுக்கும் வாரத்துக்குப் பணம் உண்டா, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பதையும் அன்றே எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நட்புக்குள் எதற்குக் கையெழுத்து என்று கேட்பாள். நட்பு கெடக்கூடாது என்பதற்குத்தான். அப்புறம், செலவு போக வருடத்துக்கு 6,000 வெள்ளிக்கு மேல் நின்றால் சுயதொழில் செய்பவராக மெடிசேவில் (மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு) கட்ட வேண்டிவரும், வருமானத்தையும் வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவளுக்கு இன்னும் என்ன என்று கேட்டீர்களே. சொந்தப் பிள்ளையை ஞாபகத்தில் வைத்தே வளர்த்துவிடலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். இந்தக் குழந்தைக்குத் தினமும் மாலையில் கணக்குச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், குளிர்பதனப் பெட்டியைத் திறந்தால் ஒரே அளவில் இரண்டு தாய்ப்பால் பைகள், இரண்டிலும் பெயர் இல்லை. காலையில் வாங்கி வைத்தவள் நான்தான், அப்புறம் எழுதலாம் என்று விட்டிருந்தேன். யாருடையது என்று தெரியாத பாலை எந்தக் குழந்தைக்கும் கொடுக்க முடியாது, இரண்டையும் கொட்டினேன். மாலையில் அந்தத் தாய்களில் ஒருவர் வந்தார். அலுவலகத்தில் சாமான்கள் போட்டுவைக்கும் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு எடுத்த பால் அது. என்னைத் திட்டவில்லை. காலிப் பையைக் கையில் வாங்கி மடித்து மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து பை கைக்கு வந்த நிமிடமே பெயர், தேதி, நேரம் எழுதாமல் நான் நகர்ந்ததில்லை. உறைந்த பாலை உருக்கினால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், திரும்ப உறைய வைக்கக் கூடாது.

ஆகவே ஒரு நோட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்கு எத்தனை மில்லி குடித்தது, எப்போது தூங்கி எப்போது எழுந்தது, டயப்பர் எத்தனை, காய்ச்சல் இருந்தால் எத்தனை டிகிரி. காலையில் வாங்கும்போதே உடம்பில் கீறலோ தடிப்போ இருக்கிறதா என்று தாயின் முன்னாலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் பெற்றோர் இருவரின் எண்களும் ஒவ்வாமை விவரமும் இருக்கட்டும். தடுப்பூசி போட்ட விவரத்தைக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் பார்த்து எழுதிவிடுங்கள். கை, கால், வாய்ப் புண் நோய் வந்தால் அன்றே கூட்டிப்போக வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். உங்கள் பிள்ளைகளே பள்ளியிலிருந்து அதைக் கொண்டுவரலாம், அப்போது நீங்கள் அவளுக்குச் சொல்ல வேண்டும்.

முதலுதவியைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. தொண்டையில் ஏதாவது அடைத்துக்கொண்ட கைக்குழந்தையைக் குப்புறத் தாங்கி முதுகில் ஐந்து தட்டு, திருப்பி நெஞ்சில் ஐந்து அழுத்து, மாறி மாறி. இதைப் பொம்மையில் செய்து பார்த்த கைதான் அந்த நேரத்தில் நடுங்காது. சிங்கப்பூர்ச் செஞ்சிலுவைச் சங்கம் குழந்தைகளுக்கான முதலுதவி வகுப்பு நடத்துகிறது. ஆம்புலன்ஸ் எண் 995, உங்கள் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை சன்னல் கம்பி, குளியலறை வாளி இரண்டையும் இன்றே பாருங்கள். வாளியில் விரற்கடை அளவு தண்ணீரும் ஆபத்து.

கேள்வி: கணவர் இங்கே வேலை செய்கிறார், நான் சார்ந்திருப்போர் அனுமதியில் இருக்கிறேன். கூலிக்குக் குழந்தை பார்த்துக்கொள்ளலாமா? (ஒரு வாசகி, செங்காங்)

பதில்: முடியாது. 2021 மே 1 முதல் உங்கள் அனுமதியில் இருப்பவர்கள் வேலைக்குப் போக வேண்டுமென்றால் தனியாக வேலை அனுமதி வேண்டும். பணம் வாங்குவதற்கு முன் மனிதவள அமைச்சிடம் கேளுங்கள். இன்னொன்று, வீட்டுப் பணிப்பெண்ணை வைத்துப் பிறர் குழந்தையைப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டு வேலைக்கென்று அனுமதி பெற்று வந்தவர், அதுவும் கூடாது.

கேள்வி: எனக்கு 61 வயது. மருமகளின் தோழி தன் மூன்று மாதக் குழந்தையை என்னிடம் விடப்போகிறார். பேரனைச் சேலைத் தூளியில்தான் தூங்க வைத்தேன், சாம்பிராணி காட்டினேன், கிரைப் வாட்டர் கொடுத்தேன். இந்தக் காலத்துப் பெண்கள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறார்களே? (ஒரு வாசகி, தோ பாயோ)

பதில்: அம்மா, உங்கள் கைப்பக்குவத்தை நான் மதிக்கிறேன், இருந்தாலும் அந்தப் பெண் பக்கம்தான் நிற்பேன். ஒரு வயதுக்குள் தேன் ஒரு சொட்டுகூட நாக்கில் தடவக் கூடாது, அதிலிருக்கும் கிருமி கைக்குழந்தையின் உடம்பை முடக்கிவிடலாம். சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கிரைப் வாட்டரோ வசம்போ, தாய் கொடுக்கச் சொல்லாத எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. தூளியில் குழந்தை வளைந்து கிடக்கும், தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும், பக்கத்தில் ஆள் இருந்தாலும் சத்தம் கேட்காது. கெட்டியான, சமமான மெத்தையில், தலையணையோ போர்வையோ பொம்மையோ இல்லாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தாலாட்டை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மடியில் வைத்துப் பாடுங்கள், கண் சொருகியதும் மெத்தைக்கு மாற்றிவிடுங்கள்.