கோயிலுக்கு நடக்கும் அம்மா சந்தைக்கு ஏன் நடப்பதில்லை?

கேள்வி: வீட்டிலிருந்து சந்தைக்கு அரைக் கிலோமீற்றர்தான். எழுபது வயது அம்மா ஓட்டோ இல்லாமல் போகமாட்டேன் என்கிறார். கோணேசர் கோயிலுக்கு மட்டும் கோட்டை வாசலில் இறங்கி நடந்தே ஏறுகிறார். நடைபாதை கேட்டுச் சபைக்கு எழுதலாமா? (வாசகி, திருகோணமலை)

பதில்: பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கோட்டைக்குள் ஏற்றம் இருக்கிறது, ஆனால் மரநிழலும் இருக்கிறது. பழைய வாசல் ஒடுக்கம் என்பதால் எந்த வாகனமும் மெதுவாகத்தான் நுழையும். போதாததற்கு மான்கள் வேறு. யாரும் விரட்டி ஓட்டுவதில்லை.

ஒருநாள் அம்மாவோடு சந்தைக்கு நடந்து, எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். அநேகமாக ஒரு சந்தியில்தான். லொறி திரும்பட்டும் என்று முடக்கை அகலமாக வளைத்திருப்பார்கள். 7 மீற்றர் வீதி அங்கே 12 மீற்றராக விரிந்துவிடும். நல்ல காலுள்ளவர் செக்கனுக்கு 1.2 மீற்றர் நடப்பார், அம்மாவுக்கு 0.8 என்று வையுங்கள். கடக்க 15 செக்கன். அதற்குள் 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வான் 200 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். கால் வைக்கும்போது கண்ணில் படாத வான், நடுவீதியில் நிற்கும்போது முன்னால் வந்து நிற்கும். அகல முடக்கில் திரும்புகிறவர்களும் பிரேக்கைத் தொடுவதில்லை. இந்தக் கணக்கையெல்லாம் அம்மா போட்டிருக்க மாட்டார். பயம் போட்டுக் கொடுத்திருக்கும்.

அதனால் வெறுமனே "நடைபாதை வேண்டும்" என்று எழுதாதீர்கள். காசில்லை என்று பதில் வரும். சந்தியைக் குறிப்பிட்டு, முடக்கின் வளைவைச் சுருக்கித் தரச் சொல்லுங்கள். முதலில் பெயின்ற் கோடும் நாலைந்து கட்டைகளும் வைத்தே பார்க்கலாம். பஸ் திரும்பும் சந்தியென்றால் அவ்வளவு சுருக்க முடியாது. சரி, வீதி இடம் கொடுத்தால் நடுவில் நின்று போக ஒரு திட்டு கேளுங்கள்.

அப்புறம் வீதியோரம் நாம் நடக்கும் கான் மூடிகள். ஒரு சிலாப் உடைந்தால் அந்தப் பக்கம் முழுவதும் வீண். குழிக்குப் பயந்து குனிந்து நடப்பவர் வாகனத்தைப் பார்க்க மாட்டார். கடைக்காரர் பலகையும் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் பிடித்த இடம் போக, நடக்க 1.5 மீற்றராவது மிஞ்ச வேண்டும்.

எழுதுமுன் வீதி யாருடையது என்று விசாரியுங்கள். ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு; அவற்றுக்காக உள்ளூர்ச் சபைக்கு எழுதினால் கடிதம் மேசை மேசையாக அலையும்.

கடிதத்தோடு ஒரு படமும் வையுங்கள், காலை எட்டு மணிக்கு அம்மா கடக்கக் காத்து நிற்பதை. எத்தனை வாகனம் போனபின் கால் வைத்தார் என்று எண்ணி அதன் கீழே எழுதுங்கள்.