சிம்கோ ஏரியில் தூண்டில் போடலாமா?

கேள்வி: செப்டெம்பர் கடைசியில் ரொறன்ரோ அண்ணாவிடம் போகிறேன். இங்கே பொல்கொடை ஏரியில் தூண்டில் போட்டுப் பழக்கம். சிம்கோ ஏரியில் மீன் படுமா? (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: படும், ஆனால் பொல்கொடைக் கணக்கு அங்கே சரிவராது. இரவு குளிரத் தொடங்க மேல்நீரின் சூடு இறங்கும், ஸ்மோல்மவுத் பாஸ் என்ற மீன் குளிர்காலத்துக்கு முன் வயிற்றை நிரப்பச் சின்ன மீன்களைத் துரத்தித் திரியும், அதனால் பாறைத்திட்டுகளின் விளிம்பில் அந்தச் சின்ன மீன் மாதிரியே செயற்கை இரையை இழுத்துப் பாருங்கள். பேர்ச் என்ற மீன் கூட்டமாக வரும்; ஒன்று பட்டால் இடத்தை மாற்றாதீர்கள், மண்புழுவே போதும். சின்னப் படகு மட்டும் வேண்டாம். ஏரி 700 சதுர கிலோமீட்டருக்கு மேல், காற்றெழுந்தால் காலிமுகத்திடல் அலைதான்! அப்புறம், 18 வயது தாண்டிய வெளிநாட்டவருக்கு ஒன்ராறியோ மாகாண மீன்பிடி அனுமதிப்பத்திரம் கட்டாயம், அண்ணாவின் அட்டை உங்களுக்குச் செல்லாது.